விளக்கை அணைத்துவிட்டு உறங்கச் சொன்ன மார்க்கம்

ஜும்ஆ உரை – எம்.கே.பி. நகர், வட சென்னை

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

  

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு தீப்பிடித்து எரிந்தது. வீட்டில் ஆட்கள் உள்ளே இருக்கும்போதே எரிந்தது. செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, இந்த நெருப்பு உங்களுக்கு எதிரி, உறங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். அபூ மூஸா (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் 6294ஆவது ஹதீஸாகப் பதிவாகியிருக்கிறது. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இன்னொரு ஹதீஸில் (புகாரி 5624) இரவில் படுக்கப் போகும்போது செய்ய வேண்டிய வேலைகளை நபியவர்கள் வரிசையாகச் சொல்கிறார்கள். விளக்கை அணைக்க வேண்டும். கதவைச் சாத்த வேண்டும். தண்ணீர்ப் பையின் வாயைக் கட்ட வேண்டும். உணவையும் பானத்தையும் மூடி வைக்க வேண்டும்.

இந்த ஹதீஸை மின்சாரச் சிக்கனத்துக்கு நேரடி ஆதாரம் என்று நான் சொல்லமாட்டேன். எலி திரியை இழுத்துக்கொண்டு போய் வீட்டையே எரித்துவிடும் என்று காரணத்தையும் நபியவர்களே சொல்லிவிட்டார்கள். ஹதீஸை நம் வசதிக்கு வளைக்கக் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உலகத்துக்கே தலைவராக அனுப்பப்பட்ட ஒரு தூதர், ஒரு சாதாரண வீட்டில் இரவு எந்தப் பொருள் திறந்து கிடக்கிறது, எது எரிந்துகொண்டிருக்கிறது என்பதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். படுக்கும் முன் ஒரு முறை வீட்டைச் சுற்றி வருவதை மார்க்கத்தின் வேலையாக நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இன்று அந்த நான்கில் எது நம்மிடம் மிஞ்சியிருக்கிறது? கதவு மட்டும்தான். அதற்கு மூன்று பூட்டு போடுகிறோம். மற்ற மூன்றும் போய்விட்டன.

போன வாரம் அஸருக்குப் பிறகு ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். கையில் கரண்ட் பில். "ஹஜ்ரத், ரெண்டு மாசத்துக்கு 702 யூனிட். மீட்டர்ல ஏதோ கோளாறு இருக்கும்னு நினைக்கிறேன். பரக்கத்துக்கு துஆ செய்யுங்க" என்றார். துஆ செய்தேன். அதோடு, "வீட்டில் எத்தனை பேர்? ஏ.சி. எத்தனையில் ஓடுகிறது?" என்றும் கேட்டேன். நான்கு பேர். ஏ.சி. 18இல் ஓடுகிறது. பிள்ளைகள் குளிருக்குப் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள்!

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சொன்ன வார்த்தைதான் இன்றைக்கு என்னை மிம்பரில் இதைப் பேச வைத்தது. "என்ன ஹஜ்ரத், ஹலாலாச் சம்பாதிக்கிறேன், என் காசு, பில்லைக் கட்டிடுறேன். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

சகோதரர்களே! இது அவருடைய கேள்வி மட்டுமல்ல. நம் எல்லோருடைய கேள்வி.

இந்தக் கேள்வியை 1400 ஆண்டுகளுக்கு முன்பே நபி (ஸல்) அவர்கள் ஓர் உவமையில் எடுத்துவைத்துவிட்டார்கள். நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி 2493). ஒரு கப்பலில் சிலர் மேல் தளத்திலும் சிலர் கீழ்த் தளத்திலும் இடம் பிடித்தார்கள். கீழே இருப்பவர்களுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் மேலே ஏறி வர வேண்டும். மேலே இருப்பவர்களுக்கு ஏன் தொந்தரவு, நம் பங்கில் நாமே ஓர் ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுத்துக்கொள்வோமே என்று அவர்கள் நினைத்தார்கள். மேலே இருப்பவர்கள் அவர்களை அப்படியே விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள், கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்பிப்பார்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள்.

நாம் துறைமுகத்து மக்கள். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் நம் உறவுகள் இருக்கிறார்கள். கப்பல் என்றால் என்ன, அடித்தளத்தில் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அந்த உவமையில் வரும் மனிதர்களைப் பாருங்கள். அவர்கள் திருடவில்லை. அடுத்தவன் இடத்தில் கை வைக்கவில்லை. தங்கள் பங்கில்தான் ஓட்டை போட நினைத்தார்கள். அதாவது, என் இடம், என் காசு, என் கரண்ட்! நோக்கம்கூட நல்ல நோக்கம்தான். ஆனால் கடல் தண்ணீருக்கு இது யாருடைய பங்கு என்று தெரியாது.

நம் வீட்டு ஓட்டை வழியாகத் தண்ணீர் எங்கே ஏறுகிறது? அதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது? ஒடிசாவில் நிலத்தைத் தோண்டி நிலக்கரி எடுக்கிறார்கள். அது ரயிலில் பாராதீப் துறைமுகத்துக்கு வருகிறது. அங்கிருந்து கப்பலில் எண்ணூர் துறைமுகத்துக்கு வருகிறது. இப்போது காமராசர் துறைமுகம் என்று பெயர். நிலக்கரி இறக்குவதற்காகவே 2001இல் தொடங்கப்பட்ட துறைமுகம் அது. பிறகு அத்திப்பட்டுப் பக்கம் இருக்கும் வட சென்னை அனல்மின் நிலையத்தில் அதைப் பொடியாக்கி எரிக்கிறார்கள். பக்கத்திலேயே வல்லூரில் 1500 மெகாவாட்டில் இன்னொரு அனல்மின் நிலையம். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த எம்.கே.பி. நகரிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் 20 கிலோமீட்டர்கூட இல்லை.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை சாம்பலாகவே மிஞ்சும். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க ஏறத்தாழ 700 கிராம் தேவைப்படுகிறது. ஆக, ஒரு யூனிட்டுக்கு 210 முதல் 280 கிராம் வரை சாம்பல். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது முழுவதும் நிலக்கரி மின்சாரமாக இருந்தால் 84 முதல் 112 கிலோ சாம்பல். 25 கிலோ அரிசி மூட்டையில் கட்டினால் மூன்று, நான்கு மூட்டை. பில் வரும்போதெல்லாம் நம் வீட்டு வாசலில் நான்கு மூட்டை சாம்பலைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "பாய், இது உங்களுடையது" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால் நாம் என்ன செய்வோம்?

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்பியில் வருவதெல்லாம் நிலக்கரி மின்சாரம் இல்லை. காற்றாலை இருக்கிறது, கல்பாக்கமும் கூடங்குளமும் இருக்கின்றன, இப்போது சூரிய மின்சாரமும் நிறைய வருகிறது. ஆனால் மஃரிபுக்குப் பிறகு சூரிய மின்சாரம் கிடையாது. நம் வீட்டு ஏ.சி.கள் எல்லாம் ஒன்றாக ஓடும் அந்த நேரத்தில்தான் அனல்மின் நிலையங்கள் அதிகம் தேவைப்படுகின்றன. எல்லாவற்றையும் கலந்து கணக்குப் போட்டாலும், நாட்டின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. 400 யூனிட்டுக்கு 280 கிலோ. அது கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் தெரியும்.

அந்தச் சாம்பல் எங்கே போகிறது? ஒரு பங்கு சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. மீதியைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கம் இருக்கும் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் கொசஸ்தலை ஆற்றைக் கடந்து போகின்றன. குழாய் கசிந்து, ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்து, அது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் வழக்காகப் போனது. அந்தக் கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தவை காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்கள்.

என் வீட்டுத் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா ஒருவர் எண்ணூர்ப் பக்கத்துக்காரர். ஒருநாள், "ஏம்மா, முன்னெல்லாம் ஆத்து இறால் கொண்டு வருவீங்களே?" என்று கேட்டேன். அவர் கூடையை இறக்கி வைக்காமலேயே சொன்னார்: "ஆத்துல இறங்குனா முட்டி வரைக்கும் சாம்பல் சேறு நாயினா. இறால் எங்கே இருக்கும்? நீங்க கரண்ட் போட்டுக்குறீங்க, நாங்க சேத்தை மிதிக்குறோம்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. மீன் விலை சொல்வதுபோல் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எவனுடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டாருக்குப் பாதுகாப்பு இல்லையோ, அவன் முழுமையான நம்பிக்கையாளன் அல்ல என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சத்தியமிட்டுச் சொன்னார்கள் (புகாரி 6016). அண்டை வீட்டார் என்றால் சுவர் ஒட்டிய வீடு மட்டும்தானா? நம் வீட்டுக் கழிவு போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர் நமக்கு அண்டை வீட்டார் இல்லையா? தனக்கும் பிறருக்கும் தீங்கு இழைக்கக் கூடாது என்ற பொருளில் வரும் ஹதீஸும் (இப்னு மாஜா 2340, 2341) ஃபிக்ஹில் ஓர் அடிப்படை விதி. அதை வைத்து எத்தனையோ தீர்ப்புகள் சொல்லியிருக்கிறார்கள்.

இதனால் ஃபேன் போடுவது ஹராம் என்று நான் சொன்னதாக யாரும் வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள். மின்சாரம் அல்லாஹ்வின் நிஃமத். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வட சென்னையில் தெருத் தெருவாகத் தண்ணீர் நின்றது. நாட்கணக்கில் கரண்ட் இல்லை. மாடியில் இருந்த வயதானவர்களுக்குக் குடிதண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடவில்லை. செல்போனில் சார்ஜ் இல்லாமல் உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் தவித்தோம். அந்த நிஃமத்தின் மதிப்பு அன்று தெரிந்தது. கரண்ட் வந்த மறுநாளே மறந்துவிட்டோம். நிஃமத்தை அனுபவிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே வசனத்தில்தான் (7:31) அல்லாஹ் விரயத்தைத் தடுக்கிறான். 17ஆவது அத்தியாயத்தின் 27ஆவது வசனத்தில் விரயம் செய்பவர்களை ஷைத்தானின் சகோதரர்கள் என்கிறான். ஆள் இல்லாத அறையில் சுற்றும் ஃபேன் யாருக்காகச் சுற்றுகிறது? இதை நாம் நம் மனதிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, ஹஜ்ரத், என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். நான் எலக்ட்ரீசியன் இல்லை. ஆனால் அந்த மீன்காரம்மா சொன்ன பிறகு என் வீட்டில் நானே பார்த்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் மீட்டரைப் பாருங்கள். நாம் பில்லைப் பார்க்கிறோம், மீட்டரைப் பார்ப்பதில்லை. இஷா முடிந்து போகும்போது ஓடியிருக்கும் யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபஜ்ருக்கு வரும்போது மறுபடியும் குறியுங்கள். வீடே தூங்கும்போது எவ்வளவு ஓடியது என்று தெரிந்துவிடும். என் வீட்டில் அப்படிப் பார்த்தபோதுதான் செட்டாப் பாக்ஸ் என் கண்ணில் பட்டது. டி.வி.யை ரிமோட்டில் அணைத்துவிட்டு, எல்லாம் அணைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அந்தப் பெட்டி 10 வாட் இழுத்தாலும் இரண்டு மாதத்தில் 14 யூனிட். யாரும் பார்க்காத பெட்டிக்கு 14 யூனிட்! சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைத்தால் போதும், காசு செலவே இல்லை.

அடுத்து ஃபேன். நம் வீடுகளில் பெரும்பாலும் ஏ.சி. கிடையாது, ஃபேன்தான் இராப்பகலாக ஓடுகிறது. பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட். இப்போது பி.எல்.டி.சி. என்று ஒரு வகை வந்திருக்கிறது, ரிமோட்டோடு வரும். அது 30 வாட்தான். அதே 15 மணி நேரத்துக்கு 27 யூனிட். ஒரே ஒரு ஃபேனில் 40 யூனிட் குறைகிறது. விலை அதிகம்தான். ஆனால் அந்தக் கூடுதல் விலை ஒன்றரை, இரண்டு வருடத்தில் பில்லிலேயே திரும்பி வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஓடுகிற ஃபேனைத் தூக்கிக் குப்பையில் போடுவதும் விரயம்தான். காயில் கருகி, கடைக்காரரிடம் காயில் கட்டக் கொடுக்கும் நாள் வருமல்லவா, அன்று யோசியுங்கள். புதிது வாங்கும்போது நட்சத்திரக் குறியைப் பாருங்கள். 2023 முதல் சீலிங் ஃபேனுக்கும் அந்தக் குறி கட்டாயம்.

ஏ.சி. வைத்திருப்பவர்கள் 24இல் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாகச் சுற்ற விடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020 முதல் புதிய ஏ.சி.கள் எல்லாம் 24இல்தான் தொடங்க வேண்டும் என்று விதியே போட்டிருக்கிறார்கள். நாம்தான் ரிமோட்டை எடுத்து 18க்கு இறக்கிவிட்டுப் போர்வையைத் தேடுகிறோம். நம் மின்வாரியக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் விலைப் படியே மாறிவிடுகிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அந்த 702 யூனிட் சகோதரருக்கு மீட்டரில் கோளாறு இல்லை. கோடு தாண்டியதுதான் கோளாறு.

மேல் மாடியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சித்திரை வெயில் முழுவதும் தளத்தில் இறங்கி, இரவு 12 மணி வரைக்கும் சூடு வீட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். கோடைக்கு முன்னால் மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்துப் பாருங்கள். சுண்ணாம்பே போதும். நம் பெரியவர்கள் செய்ததுதான்.

இதெல்லாம் பெண்கள் வேலை என்று ஆண்கள் யாரும் நினைக்க வேண்டாம். உண்மையைச் சொல்வோம். கரண்ட் பில் வந்த அன்று எத்தனை வீட்டில் சண்டை? "மிக்ஸி போடுறே, வாஷிங் மெஷின் போடுறே" என்று மனைவியைத் திட்டும் கணவர்தான், விடிய விடிய ஏ.சி. போட்டுக் கிடப்பவர். மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடுகிறது. 500 வாட் மிக்ஸியாக இருந்தாலும் ஒரு யூனிட் ஆக இரண்டு மணி நேரம் அரைக்க வேண்டும்! யாரைத் திட்டுகிறோம்? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்ற பொருளில் ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னார்கள் (புகாரி 676). இரவு வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு ஸ்விட்சாக அணைக்கும் வேலையை இன்று முதல் ஆண்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சுன்னத்தும் கிடைக்கும், வீட்டில் சண்டையும் குறையும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். சிக்கனம் என்ற பெயரில் வயதான தாயின் அறையில் ஃபேனை நிறுத்தாதீர்கள். அப்படி மிச்சமாகும் யூனிட்டுக்கு அல்லாஹ்விடம் கூலி கிடையாது, அது பாவம். பிள்ளை படிக்கும் விளக்கை அணைக்காதீர்கள். நம் மஹல்லாவில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டைத் தாண்டுவதே அபூர்வம். அவர்களைப் பார்த்து மின்சாரத்தைக் குறையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லப்போனால் அவர்களுக்கு இன்னும் ஒரு ஃபேன் வேண்டும். இந்த உரை அவர்களுக்கு இல்லை. அறைக்கு ஒரு ஏ.சி. வைத்திருக்கும் நமக்கு.

"பெரிய பெரிய ஆலைகள் புகை விடுகின்றன, நம்மைப் போய்க் கேட்கிறீர்களே" என்று சில இளைஞர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சாம்பல் குழாயைக் கசிய விடாமல் வைப்பது உங்கள் கடமையோ என் கடமையோ இல்லை, அதை நடத்துபவர்களின் கடமை. அதைக் கேட்பவர்களோடு நாமும் நிற்க வேண்டும். அநியாயத்தைத் தட்டிக் கேட்பதும் நம் மார்க்கம்தான். ஆனால் கப்பல் ஹதீஸுக்குத் திரும்பி வாருங்கள். அடுத்தவன் பெரிய ஓட்டை போடுகிறான் என்பதற்காக நான் சின்ன ஓட்டை போட்டுக்கொள்ளலாம் என்று அதில் எங்கும் இல்லை. அவன் கையைப் பிடிக்கப் போகிறவனின் கையில் உளி இருக்கக் கூடாது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளூ செய்வார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி 201). ஒரு முத்து என்பது ஒரு லிட்டர்கூட இல்லை, ஏறத்தாழ முக்கால் லிட்டருக்குள் அடங்கும். ஓடும் ஆற்றில் இருந்தாலும் ஒளூவில் விரயம் உண்டு என்று ஸஅத் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் சொன்னதாக இப்னு மாஜாவில் ஒரு செய்தி இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்று அறிஞர்கள் சொல்வதையும் சேர்த்தே சொல்கிறேன். அனஸ் (ரலி) அவர்களின் ஹதீஸே நமக்குப் போதும்.

வட சென்னைக்குக் கடல் நீரைக் குடிநீராக்கித் தரும் ஆலை 2010இல் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் ஆலை. கடல் நீரிலிருந்து உப்பைப் பிரிக்க 1000 லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் தேவை. பிறகு அதைப் பம்ப் செய்து நம் தெருவுக்கு அனுப்ப வேண்டும். நம் அடுக்குமாடியில் தரைத்தொட்டியிலிருந்து மேல் தொட்டிக்கு மறுபடியும் மோட்டார். தொட்டி நிரம்பி வழிந்து, மாடியிலிருந்து அருவிபோல் கொட்டும் சத்தம் கேட்டும், கீழ் வீட்டுக்காரர் அணைப்பார் என்று மேல் வீட்டுக்காரர் படுத்திருப்பார். மேல் வீட்டுக்காரர் அணைப்பார் என்று கீழ் வீட்டுக்காரர் படுத்திருப்பார். அரை மணி நேரம் ஓடினால் மோட்டாருக்கு அரை யூனிட்தான் ஆகும், அது பெரிதில்லை. கடலிலிருந்து உப்பைப் பிரித்து, குழாயில் இத்தனை தூரம் வந்த தண்ணீர் சாக்கடை வழியாகக் கேப்டன் காட்டன் கால்வாய்க்குப் போகிறதே, அதுதான் பெரிது. தொட்டி நிரம்பியதும் தானாக நிற்கும் கருவி கடையில் கிடைக்கிறது. மாடிக்கு ஒருவராகக் காசு போட்டு மாட்டிவிடுங்கள்.

வலீமா விருந்தைப் பற்றித் தனியாக ஒரு ஜும்ஆ பேச வேண்டும். இன்று ஒரு வரி மட்டும். நாம் இலையில் மிச்சம் வைக்கும் பிரியாணி கொடுங்கையூர் மேட்டுக்குத்தான் போகிறது. அங்கே அது மக்கி மீத்தேன் வாயுவாகிறது. பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலிமையானது மீத்தேன். குப்பை மேடு தீப்பிடித்துப் புகையும் நாட்களில் அந்தப் புகை யார் வீட்டு ஜன்னலுக்குள் வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியாக நம் பள்ளிவாசல். ஊருக்கு உபதேசம் செய்யும் முன் நான் என்னைக் கேட்டுக்கொண்டேன். பில் நம் பாக்கெட்டிலிருந்து போவதில்லை என்பதால் இங்கே நமக்குத் தாராளம் அதிகம். லுஹர் முடிந்து நான்கு பேர் நான்கு மூலையில் உட்கார்ந்து குர்ஆன் ஓதுகிறார்கள், மேலே எல்லா ஃபேனும் ஓடுகிறது. ரமளான் தராவீஹில் முதல் பத்து நாள் நிரம்பும் ஸஃப்புகள் அடுத்த பத்தில் பாதியாகின்றன, ஃபேன்கள் மட்டும் முழுமையாக ஓடுகின்றன. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் அரசாங்க வேலை முடிந்து சொந்த விஷயம் பேசத் தொடங்கியதும், பொதுச் சொத்தில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றினார்கள் என்று வரலாற்றில் சொல்லப்படுகிறது. இங்கே எரிவது ஏழை போட்ட உண்டியல் காசு. அது அமானத்.

ஜகார்த்தாவில் இஸ்திக்லால் என்று ஒரு பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதைப் புதுப்பித்தபோது கூரையில் சுமார் 500 சூரியத் தகடுகள் பொருத்தினார்கள். ஒளூ செய்த தண்ணீரை மறுபடியும் பயன்படுத்த ஏற்பாடு செய்தார்கள். 2022இல் பசுமைக் கட்டடம் என்ற சர்வதேசச் சான்றும் கிடைத்தது. நம் பள்ளி அவ்வளவு பெரிதில்லை. ஆனால் நம் மொட்டை மாடியிலும் வெயில் அடிக்கிறது. ஒரு கிலோவாட் தகடு போட்டால் சென்னை வெயிலுக்கு நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் கிடைக்கும். சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு 2024 முதல் மத்திய அரசு ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் அறிவித்திருக்கிறது. விசாரித்துப் பாருங்கள். பள்ளிக்குச் சூரியத் தகடு போடுவது பற்றி நிர்வாகத்தினர் பேசி முடிவு செய்யட்டும். அதற்குள் ஒரு சிறிய காரியத்தை இன்றே தொடங்குவோம். ஒவ்வொரு ஃபேன் ஸ்விட்சின் மேலும் எந்த ஸஃப் என்று எழுதி ஒட்ட முஅத்தினிடம் சொல்லியிருக்கிறேன். தொழுகை முடிந்து தங்கி ஓத விரும்புபவர்கள் முன் வரிசையில் ஒன்றாக உட்காருங்கள். கடைசியாக வெளியே போகிறவர் பின் வரிசை ஸ்விட்சுகளை அணைத்துவிட்டுப் போகட்டும். அதற்கு நிர்வாகியின் அனுமதி வேண்டியதில்லை.

இன்று இரவு இஷா முடிந்து வீட்டுக்குப் போனதும் மீட்டரைப் பாருங்கள். எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அடுத்த ஜும்ஆவுக்கு அந்தக் காகிதத்தோடு வாருங்கள். என் வீட்டு எண்ணையும் நான் கொண்டுவருகிறேன்.

யா அல்லாஹ்! நீ தந்த நிஃமத்துகளைப் பற்றி எங்களிடம் கேட்கும் நாளில் எங்களை வெட்கப்பட வைத்துவிடாதே! எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசும் எங்கள் அண்டை வீட்டாரின் ரிஜ்கில் பரக்கத் செய்வாயாக! எங்கள் கைகளால் அவர்களுக்கு நேர்ந்த தீங்கை மன்னிப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.